உடல் நலம்: தடிமன் காய்ச்சலும் இருதயமும்



எமது நாட்டில் இன்புளுவன்சா என்னும் தடிமன் காய்ச்சல் ஆண்டில் இரண்டு தடவை கூடுதலாகப் பரவுகின்றது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு தடவை, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொரு தடவை. இந்தக் காலங்களில் வீட்டுக்கு வீடு இருமலும் மூக்கடைப்பும் உடம்பு நோவும் இருக்கும். பெரும்பாலானோருக்கு ஒரு கிழமையில் சுகம் வந்து விடும். அதனால் "தடிமன் தானே" என்று சொல்லிப் பழகி விட்டோம்.

ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் சுவாசப்பையிலும் தொடங்கும் வைரஸ் நோய் சிலருக்கு இருதயத்தையும் தாக்குகின்றது. இது எல்லோருக்கும் நடப்பதில்லை. நடக்கும்போது அதன் அறிகுறிகள் களைப்பு, மூச்சு வாங்கல், நெஞ்சுப் படபடப்பு என்றே வருகின்றன. போரினாலும் இடப்பெயர்வினாலும் இழப்புகளினாலும் நொந்து போன பெண்களுக்கு இவை பழகிப் போன உணர்வுகள். ஆகவே அவளும் "இது என்னுடைய கவலை" என்று இருந்து விடுகிறாள். வீட்டாரும் அப்படியே நினைக்கிறார்கள். சில வேளை ஆஸ்பத்திரியிலும் அவ்வாறே முடிவு கட்டப்படுகின்றது. இந்த மாதம் அதைப் பற்றியே பேசப் போகிறோம்.

இருதயம் செய்யும் வேலை

கைப்பிடி அளவான இந்தத் தசை ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கின்றது. உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவது அதுவே. அந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வரும் சிறிய இரத்தக் குழாய்கள் இருதயத்தின் மேலேயே ஓடுகின்றன. வயது, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், புகைத்தல் முதலியவற்றால் இந்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிகின்றது. அது உடைந்து அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டால் மாரடைப்பு ஏற்படும்.

வைரஸ் எப்படி இருதயத்தைத் தாக்குகின்றது?

நான்கு வழிகளைக் குறிப்பாகச் சொல்லலாம்.

முதலாவது, வேலைப் பளு. காய்ச்சல் ஏறும்போது இருதயம் வேகமாகத் துடிக்கின்றது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து வரை கூடலாம். சுவாசப்பையில் சளி கட்டினால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைகின்றது. இருதயத்துக்கு வேலை கூட, கிடைக்கும் ஒட்சிசனோ குறைவு. நல்ல சுகத்தோடு இருக்கும் இருதயம் இதைத் தாங்கிக் கொள்ளும். முன்பே பழுதுபட்ட இருதயம் தளர்ந்து விடும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

இரண்டாவது, இரத்தம் உறைதல். கிருமியோடு உடம்பு போராடும்போது இரத்தக் குழாய்களிலும் அழற்சி ஏற்படுகின்றது. குழாயில் படிந்திருக்கும் கொழுப்பு உடையக்கூடும். அந்த நேரத்தில் இரத்தமும் வழமையை விட இலகுவாக உறையும் நிலையில் இருக்கும். இதனால் மாரடைப்பும் பாரிசவாதமும் வரலாம்.

மூன்றாவது, இருதயத் தசை அழற்சி. சில வைரஸ்கள் இருதயத் தசைக்குள்ளேயே புகுந்து விடுகின்றன. அல்லது கிருமியை அழிக்க எழுந்த நோய் எதிர்ப்புச் சக்தி இருதயத் தசையையும் சேர்த்துத் தாக்கி விடுகின்றது. கொக்சாக்கி வைரஸ், அடினோ வைரஸ், இன்புளுவன்சா, கொரோனா ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இந்த நோய் கிழவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். இருதய வருத்தமே இல்லாத இளம் வயதினருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வருகின்றது. காய்ச்சல் விட்டுச் சில நாட்களிலோ இரண்டு மூன்று கிழமைகளிலோ களைப்பும் மூச்சு வாங்கலுமாகத் தொடங்கும். பலர் முற்றாகச் சுகமடைகிறார்கள். சிலருக்கு இருதயம் நிரந்தரமாகப் பலவீனமடைகின்றது. சிலருக்குத் துடிப்பு ஒழுங்கு தவறி உயிராபத்தும் ஏற்படுகின்றது.

நான்காவது, இருதய உறை அழற்சி. இருதயத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறை வீங்கி நோகும். இந்த நோவுக்கு ஒரு அடையாளம் உண்டு. மூச்சை உள்ளே இழுத்தாலும், மல்லாந்து படுத்தாலும் குத்து அதிகரிக்கும். எழும்பி இருந்து முன்னுக்குச் சாய்ந்தால் குறையும்.

கணக்குச் சொல்லும் உண்மை

இன்புளுவன்சா பரவும் காலங்களில் இருதய நோயால் இறப்பவர் தொகையும் கூடுவதை வைத்தியர்கள் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கவனித்திருந்தார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செய்த ஆய்வொன்று 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்புளுவன்சா என்று பரிசோதனையில் உறுதி செய்யப்பட்டு, அதற்கு முந்திய அல்லது பிந்திய ஓராண்டுக்குள் மாரடைப்பும் வந்தவர்களை அந்த ஆய்வு கணக்கெடுத்தது. நோய் உறுதியான முதல் ஏழு நாட்களில் 20 மாரடைப்புகள் ஏற்பட்டிருந்தன. மற்றக் கிழமைகளிலோ சராசரி 3.3 மட்டுமே. அதாவது அந்த ஒரு கிழமையில் ஆபத்து ஆறு மடங்கு. ஏழு நாட்களுக்குப் பின் ஆபத்து பழைய நிலைக்குத் திரும்பியது. வேறு சுவாச வைரஸ்களும் அந்த முதற் கிழமையில் ஆபத்தைக் கூட்டின, ஆனால் இன்புளுவன்சா அளவுக்கு அல்ல.

இதில் அகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது வயதில் சுகதேகியாக இருக்கும் ஒருவர் தடிமன் வந்தவுடன் மாரடைப்புக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் வீட்டில் நீரிழிவோ பிறசரோ இருதய வருத்தமோ உள்ள தாய், மாமி, பெரியம்மா இருந்தால், அவருடைய காய்ச்சலின் முதற் கிழமையை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு முதல் உலகை அலைக்கழித்த கொரோனாவும் இதையே காட்டியது. அந்த நோய் கண்டவர்களுக்கு இரத்தம் உறைதலும் மாரடைப்பும் கூடுதலாக ஏற்பட்டன. சிலருக்குப் பல மாதங்கள் வரை களைப்பும் படபடப்பும் நீடித்தன.

"மனக்கவலை" என்று முடிவு கட்ட முன்

போர் 2009இல் முடிந்தாலும் அதன் பயம் உடம்பை விட்டுப் போகவில்லை என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வெடிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக் கொள்ளும். காணாமற் போனவரின் நினைவு வந்தால் மூச்சு அடைக்கும். இவை உண்மையான வருத்தங்கள். இவற்றுக்கும் வைத்தியம் உண்டு. நீண்ட காலப் பயமும் துயரமும் உறக்கமின்மையும் இருதய நோய்க்கும் வழிவிடுகின்றன என்பதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே மனம் நொந்தவள் என்ற காரணத்துக்காக ஒருத்தியின் இருதயத்தைப் பார்க்காமல் விடுவது சரியல்ல. அவளுடைய இருதயத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் இடையே சில வேறுபாடுகள் உண்டு. பயத்தினால் வரும் படபடப்பு பெரும்பாலும் திடீரென வந்து, பத்து நிமிடமளவில் உச்சத்துக்கு ஏறி, பின் மெல்ல அடங்கும். சும்மா இருக்கும்போதும் வரும். இருதயத்தின் பலவீனத்தால் வரும் இளைப்பு பெரும்பாலும் வேலை செய்யும்போது கூடும். நேற்றுவரை இரண்டு குடம் தண்ணீர் தூக்கியவள் இன்று ஒரு குடத்தோடு வழியில் இளைப்பாற வேண்டியிருக்கும். மட்டமாகப் படுக்க முடியாது, இரண்டு மூன்று தலையணை தேவைப்படும். நள்ளிரவில் மூச்சு முட்டி எழும்பி இருக்க நேரும். மாலையில் கணுக்கால் வீங்கும்.

ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் வைத்து வீட்டில் இருந்தபடி தீர்ப்புச் சொல்ல முடியாது. அண்மையில் தடிமன் காய்ச்சல் வந்திருந்து, அதன் பின் இவை புதிதாகத் தொடங்கினால் வைத்தியரிடம் போக வேண்டும். ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எக்கோ ஸ்கான் என்பவற்றின் மூலம் அவர்கள் கண்டறிவார்கள். சோதித்துப் பார்த்து இருதயத்தில் பழுதில்லை என்று தெரிந்தால் அதுவும் பெரிய ஆறுதல். பின்னர் மனதுக்கான வைத்தியத்தைத் தைரியமாகத் தொடரலாம்.

வைத்தியரிடம் என்ன சொல்வது?

வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் அதிகம். பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் விற்றமின் குளிசையோடு வீட்டுக்கு வர நேரலாம். ஆகவே நாளையும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணமாக இப்படி:

"டொக்டர், எனக்கு மூன்று கிழமைக்கு முதல் காய்ச்சலும் இருமலும் வந்தது. காய்ச்சல் விட்டு விட்டது. போன திங்கட்கிழமை முதல் கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்குகிறது. இரவில் தலையை உயர்த்தித் தான் படுக்கிறேன். இதற்கு முன் இப்படி இருந்ததில்லை."

வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சிங்களம் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அல்லது தாதியின் உதவியைக் கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் குளிசைகளையும் கொண்டு போக மறக்க வேண்டாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

- நெஞ்சில் இறுக்கம், பாரம், நோவு. அது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல்.
- ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குதல், வசனத்தை முடிக்க முடியாமை.
- மயங்கி விழுதல், அல்லது கண் இருட்டிக் கொண்டு வருதல்.
- துடிப்பு மிக வேகமாகவோ தாறுமாறாகவோ இருத்தல்.
- உதடு நீலமாதல், குளிர்ந்த வியர்வை, புத்தித் தடுமாற்றம்.
- முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல்.

மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு விழ வேண்டும் என்று படங்களில் பார்த்துப் பழகி விட்டோம். பெண்களுக்கு, விசேடமாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, நெஞ்சு நோ குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். காரணமில்லாத பெருங்களைப்பு, மேல்வயிற்று நோ, ஓங்காளம், முதுகு நோ, வியர்வை என்று வரும். "வாய்வு" என்று நினைத்துச் சோடா குடித்து விட்டுப் படுத்து விடக் கூடாது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்தச் சேவை நாடு முழுவதும் உண்டு. வாகனம் பிடிக்கக் காசில்லை என்று விடியும் வரை காத்திருந்து விடாதீர்கள். இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சிறு பிள்ளைகள்

குழந்தைக்கு நெஞ்சு நோகிறது என்று சொல்லத் தெரியாது. தடிமனுக்குப் பின் குழந்தை வேகமாக மூச்செடுத்தால், பால் குடிக்கும்போது களைத்து வியர்த்தால், பாலை மறுத்தால், முகம் வெளிறினால், வழமைக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தால் உடனே கொண்டு போங்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இருதயத் தசை அழற்சி வயிற்று நோவும் வாந்தியுமாகக் கூடத் தொடங்கும்.

தொண்டை நோவைப் பற்றி இன்னொரு வார்த்தை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வரும் கடுமையான தொண்டை நோவில் ஒரு பகுதி பற்றீரியாவினால் வருவது. அதற்குத் தகுந்த வைத்தியம் செய்யாவிட்டால் இரண்டு மூன்று கிழமைகளின் பின் மூட்டுகள் வீங்கி வாதக் காய்ச்சல் வரலாம். அது இருதய வால்வுகளைப் பழுதாக்கும். வைரஸ் தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் உதவாது, இதற்கு அது கட்டாயம் வேண்டும். எது எதுவென்று வைத்தியரே சொல்ல வேண்டும். வாதக் காய்ச்சலுக்காக மூன்று நான்கு கிழமைக்கொரு தடவை பெனிசிலின் ஊசி போடும் பிள்ளைகள் அதைத் தவறவிடவே கூடாது.

வீட்டில் செய்யக் கூடியவை

முதல் மருந்து ஓய்வு. இதை எழுதும்போது, இது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்பது தெரிந்தே எழுதுகிறோம். குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவள் ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது. கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும். ஆனாலும் கொக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளைக் கட்டாயப்படுத்தி நீந்த விட்டுச் செய்த சோதனைகளில், அவற்றின் இருதயத்தில் கிருமி மேலும் பெருகி, அதிகமானவை இறந்தன. காய்ச்சலும் உடம்பு நோவும் உள்ள நாட்களில் மண் வெட்டுவதும் கல் சுமப்பதும் நாற்று நடுவதும் இருதயத்துக்குக் கேடு. காய்ச்சல் விட்ட பின்னும் சில நாட்கள் சின்ன வேலைகளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. உங்கள் மாதர் சங்கத்தில் பேசுங்கள். காய்ச்சல் வந்தவளின் வீட்டுக்கு நான்கு நாட்கள் தண்ணீர் அள்ளிக் கொடுக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு போகவும் முறை வைத்துக் கொள்ளலாம். நாளை அது உங்களுக்கும் கிடைக்கும். இருதயத் தசை அழற்சி என்று வைத்தியர் சொன்னால் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை கடும் வேலை செய்யக் கூடாது. அதைக் கடிதமாக எழுதித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள். வேலை கொடுப்பவரிடமும் கிராம அலுவலரிடமும் காட்ட உதவும்.

நாடித்துடிப்பை எண்ணப் பழகுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளர்ந்தவர்களுக்கு 60 முதல் 100 வரை வழமை. காய்ச்சல் விட்டுப் போன பின்னும், ஓய்வாக இருக்கும்போது 100க்கு மேல் நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் குளிசையில் இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் எடுக்கக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் இதை விடக் குறைவாக எடுக்க வேண்டும், வைத்தியரைக் கேளுங்கள். டைக்குளோபினாக், புரூபன், அஸ்பிரின் போன்ற நோமாத்திரைகளைக் காய்ச்சலுக்குத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இருதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவை தீங்கு. காய்ச்சல் டெங்காக இருந்தால் இரத்தக் கசிவையும் கூட்டும். மூக்கடைப்புக்கு விற்கும் சில குளிசைகள் பிறசரை ஏற்றும் என்பதால், பிறசர் உள்ளவர்கள் பாமசியில் அதைச் சொல்லி வாங்க வேண்டும்.

இருதயத்துக்கும் பிறசருக்கும் பாவிக்கும் குளிசைகளைக் காய்ச்சல் என்று தாமாக நிறுத்தக் கூடாது. அஸ்பிரினை வைத்தியர் நாளாந்தம் எழுதித் தந்திருந்தால், டெங்குச் சந்தேகம் உள்ள காய்ச்சலின்போது அதைத் தொடர்வதா என்று அவரிடமே கேட்க வேண்டும். வால்வு வருத்தத்துக்கு வோபரின் எடுப்பவர்கள், புதிய மருந்து எதையும் தொடங்க முன் அதைச் சொல்லுங்கள். பல அன்ரிபயோட்டிக் மருந்துகள் வோபரினின் வேலையைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கும்.

கொத்தமல்லித் தண்ணீர், இஞ்சித் தேநீர், கஞ்சி, சூப் எல்லாம் நல்லவையே. தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்பில் நீர் வற்றாமல் காக்கும். இருதயப் பலவீனத்துக்காக நீரையும் உப்பையும் அளவாக எடுக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

வராமல் தடுக்க

இருமும்போது வாயைத் துணியால் மூடுதல், சவர்க்காரத்தால் கை கழுவுதல், சன்னலைத் திறந்து வைத்தல், காய்ச்சல் உள்ள பிள்ளையை முதியவரின் பக்கத்தில் படுக்க விடாமை ஆகியவை காசில்லாத காவல்கள். விறகடுப்புப் புகையும் சுவாசப்பைக்கும் இருதயத்துக்கும் கேடு. புகை வெளியேற வழி செய்யுங்கள்.

இன்புளுவன்சாவுக்குத் தடுப்பூசி உண்டு. ஆண்டுக்கொரு தடவை போட வேண்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. 2021இல் வெளிவந்த, எட்டு நாடுகளில் 2,500க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வில், மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஊசி போட்டவர்களில் ஓராண்டுக்குள் மரணமோ மீண்டும் மாரடைப்போ போன்ற பாதிப்பு 100 பேருக்கு ஏறத்தாழ ஐந்தாக இருந்தது. போடாதவர்களில் அது ஏழு. உங்கள் கிளினிக்கில், இந்த ஊசி எனக்குத் தேவையா, எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குச் சற்று முன்னரும், பின்வரும் சில மாதங்களிலும், இருதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் சிலருக்கு வருகின்றது. இரவு இருமலும் மூச்சு முட்டலும் கால் வீக்கமுமாக வருவதால் தடிமன் என்றே எண்ணப்படும். அப்படி இருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். இருதய வால்வு வருத்தம் உள்ளவர்கள் அதைக் கர்ப்பம் தரித்தவுடனேயே சொல்ல வேண்டும்.

சகோதரிகளே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவிரவாகத் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். எமக்கு வந்தால் "பார்ப்போம்" என்கிறோம். இனிமேல் காய்ச்சல் வந்த திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஒரு மாதம் உங்கள் மூச்சையும் துடிப்பையும் கவனியுங்கள். மாற்றம் கண்டால் வெட்கப்படாமல், "கவலைக்காரி" என்று சொல்வார்களே என்று தயங்காமல், போய்ச் சோதித்துக் கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.